இரண்டு கமராக்களின் சென்சரை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் கலியாணப் படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைகள், இரண்டு மாடல்களின் விபரத்தை அனுப்பி "எதன் சென்சர் நல்லது அண்ணே?" என்று கேட்கிறார்கள். சென்சர் என்பது கமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் சில்லு. நாங்கள் தொடக்கத்தில் செய்த பிழைகளையே இவர்களும் செய்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மெகாபிக்சலை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம்.

சென்சரை ஒப்பிட்டுவிட்டு லென்ஸை மறப்பது

காசு கரைவது இங்கேதான். ஒரு தம்பி சீட்டுக் காசோடு கடனும் வாங்கிப் பழைய ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சர்) பாடி ஒன்றை எடுத்தார். பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கமரா. கூட வந்தது எஃப் 3.5-5.6 கிட் லென்ஸ், அதாவது கமராவோடு சேர்த்து விற்கும் சாதாரண ஜூம் லென்ஸ். எஃப் எண் சின்னதாக இருந்தால்தான் வெளிச்சம் கூட வரும். வேறு லென்ஸுக்குக் கையில் காசில்லை. மாசியில் காமன் கூத்து எடுக்கப் போனார். தோட்டத்து லயத்து முற்றத்தில் நாலைந்து பல்பு வெளிச்சம்தான். மறுநாள் ரதி வேடக்காரரின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கன்னத்துச் சிவப்பும் கண் மையும் கலங்கி, மணல் தூவியதுபோல் முகம் முழுக்கப் புள்ளி. "ஃபுல் ஃப்ரேம்தானே அண்ணே, ஏன் இப்படி?" என்றார்.

கணக்குப் போட்டால் தெரியும். ஃபுல் ஃப்ரேம் சென்சர் 36×24 மில்லிமீட்டர். அதைவிடச் சின்ன ரகமான ஏபிஎஸ்-சி சென்சர், நிகான், சோனி, ஃபுஜியில் ஏறக்குறைய 23.5×15.6. பரப்பளவில் 2.4 மடங்கு வித்தியாசம். பெரிய சென்சரின் லாபம் அவ்வளவுதான். ஜூமை நீட்டியதும் கிட் லென்ஸ் 5.6க்குப் போய்விடுகிறது, எஃப் 1.8 லென்ஸோ அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை விடும். ஆக, அதே ஷட்டர் வேகத்தில், எஃப் 1.8 லென்ஸ் மாட்டிய ஏபிஎஸ்-சி கமராவுக்குத்தான் மொத்தத்தில் சுமார் 4 மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது.

தம்பி வேண்டாம் என்று ஒதுக்கிய மற்றக் கமரா ஏபிஎஸ்-சிதான். அதே காசுக்கு 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸும் சேர்ந்து வந்திருக்கும். "ஃபுல் ஃப்ரேம் எடுத்தால் பிறகு யோசிக்கத் தேவையில்லை" என்று கடையில் சொல்லி விற்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. கடன் அடையும்வரை அந்தப் பிள்ளை அதே கிட் லென்ஸோடுதான் இருட்டில் நிற்க வேண்டும். பாடியும் லென்ஸும் சேர்ந்த விலையை எழுதி, இரண்டு சோடியாக ஒப்பிடுங்கள்.

100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பது

24 மெகாபிக்சல் படத்துக்குப் பக்கத்தில் 45 மெகாபிக்சல் படத்தை இப்படி, படத்தின் ஒரு புள்ளிக்குத் திரையில் ஒரு புள்ளி என்று வைத்தால் 45தான் மோசமாகத் தெரியும். அதில் நீங்கள் பார்ப்பது முகத்தின் இன்னும் சின்னத் துண்டு. இரண்டையும் 12×18 அங்குல அல்பத் தாள் அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சென்சர் அளவு ஒன்றென்றால் வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போகும்.

"1 அங்குல" சென்சர்

அது ஓர் அங்குலம் இல்லை. 13.2×8.8 மில்லிமீட்டர்.

ஐஎஸ்ஓ 204800

ஐஎஸ்ஓ என்பது கமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற எண். விபரத்தில் போடும் இந்த உச்ச எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வாசிப்பு வேகத்தைக் கவனிக்காமல் விடுவது

மண்டபத்து எல்இடி விளக்கின் கீழ் எலக்ட்ரானிக் ஷட்டரில் (ஷட்டர் திரை அசையாமல் சென்சரே படத்தை வாசிக்கும் முறையில்) எடுத்தால், தாலி கட்டும் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழலாம். சென்சர் படத்தை வரிவரியாக வாசிக்கிறது. மெதுவாக வாசித்தால் பட்டையும் கூடும். கடையிலேயே எல்இடி வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரை 1/500 செக்கன் ஷட்டர் வேகத்தில் எடுத்துப் பாருங்கள். பட்டை விழுந்தால் கலியாணத்துக்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான் சரி. அப்புறம், மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாத மாடல்களும் இப்போது வருகின்றன. காசைக் கொடுக்கும் முன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.