வணிகவியல் வகுப்பில் குழு ப்ராஜெக்ட்: முதல் முறை நடத்தும் ஆசிரியருக்கு

“நாலு நாலு பேராகச் சேர்ந்து ஒரு ரிப்போர்ட் எழுதி வாருங்கள்” என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதுவார், மற்ற மூவரின் பெயர் அட்டையில் ஏறும். மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரர் ரிங்கல்மன் கயிறு இழுக்க வைத்துப் பார்த்த சோதனை 1913இல் வெளியானது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் போட்டிருந்தார்கள்.

படி 1: குழுக்களை நீங்களே பிரித்துக் கொடுங்கள். நாலு அல்லது ஐந்து பேர் போதும். கணக்கு வருபவர், எக்செல் தெரிந்தவர், கூச்சமில்லாமல் பேசுபவர் என்று கலந்து போடுங்கள். முதல் நாள் முணுமுணுப்பு கேட்கும், பரவாயில்லை.

படி 2: துண்டு போட முடியாத வேலையாகக் கொடுங்கள். முக்கியமான படி இதுதான். “ஒரு கம்பெனியைப் பற்றி எழுதுக” என்றால் மார்க்கெட்டிங் ஒருவர், நிதி ஒருவர் என்று பிரித்து எழுதி, கடைசி நாளில் ஒட்டிவிடுவார்கள். “இந்தக் கடை இரண்டாவது கிளை திறக்கலாமா, வேண்டாமா?” என்று கேட்டுப் பாருங்கள். விலையை ஒருவர் குறைத்தால் இன்னொருவர் போட்ட பிரேக் ஈவன் கணக்கு (லாபமும் நஷ்டமும் இல்லாமல் போட்டதை எடுக்க எவ்வளவு விற்க வேண்டும் என்ற கணக்கு) கவிழ்ந்துவிடும். பேசாமல் வேலை நகராது.

படி 3: யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

படி 4: பாதி வழியில் ஒருவருக்கொருவர் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இது எச்சரிக்கைக்கு மட்டும், மார்க்கில் சேராது. கடைசியில் மட்டும் கேட்டால் திருந்த நேரம் இருக்காது.

படி 5: முடிவில் அதையே மறுபடி வாங்கி, மார்க்கோடு சேருங்கள். நாலு பேரும் மற்றவர்களிடம் வாங்கிய சராசரி முறையே 9, 9, 8, 6 என்று வந்தால் குழுவின் சராசரி 8. ப்ராஜெக்டுக்கு 72 மார்க் போட்டிருந்தால், 9 வாங்கியவருக்கு 72 × 9 ÷ 8 = 81. 6 வாங்கியவருக்கு 54. நூறைத் தாண்டினால் நூறோடு நிறுத்திவிடுங்கள். காரணமும் ஒரு வரி எழுத வாங்குங்கள், பழைய சண்டைக்கு மார்க்கில் பழி தீர்ப்பவர்களும் உண்டு.

படி 6: பிரசன்டேஷனில் அவரவர் ஸ்லைடைப் பற்றிக் கேட்காதீர்கள். கணக்கு போட்டவரிடம் விளம்பரச் செலவைக் கேளுங்கள், விளம்பரம் எழுதியவரிடம் பிரேக் ஈவனைக் கேளுங்கள். இப்படித்தான் கேட்பேன் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால், ஒருவர் எழுதியதை மற்றவர் அப்போதாவது படிப்பார்.