எம்டிடி சோதனை: ஊதா குறைந்தால் செல் செத்துவிட்டதா?

மூலிகைச் சாறு புற்றுநோய் செல்லைக் கொல்கிறதா என்று பார்க்க, பெரும்பாலான ஆய்வகங்களில் முதலில் செய்வது எம்டிடி சோதனைதான். 1983-இல் மோஸ்மன் வெளியிட்ட முறை இது. எம்டிடி என்ற மஞ்சள் நிறச் சாயத்தை உயிருள்ள செல்லின் நொதிகள் ஒடுக்கி (அதாவது எலக்ட்ரான் கொடுத்து), ஊதா நிற ஃபார்மசான் படிகமாக்கும். அதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் அளக்கிறோம். ஆகவே இது காட்டுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. சாவை நேரடியாகக் காட்டாது. செல் சாகாமல் பெருகுவதை மட்டும் நிறுத்தியிருந்தாலும் ஊதா குறையும்.

சோதனைத் தட்டின் சிறு குழிகளில்தான் செல்லை வளர்க்கிறோம். பலர் விட்டுவிடுவது செல் இல்லாத குழிகளை. பாலிஃபீனால், வைட்டமின் சி போன்றவை நிறைந்த சாறு, செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். அப்போது நச்சுள்ள சாறுகூடப் பாதுகாப்பானதாகத் தெரியும். வளர்ப்பு ஊடகம், சாறு, எம்டிடி மூன்றும் இருந்து செல் மட்டும் இல்லாத குழிகளை ஒவ்வொரு செறிவுக்கும் வையுங்கள். அவற்றில் ஊதா வந்தால், கழித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எம்டிடி சேர்க்குமுன் சாற்றை எடுத்துவிட்டு, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் மெதுவாக ஒரு முறை கழுவிப் புது ஊடகம் ஊற்றுங்கள். மஞ்சள்போல நிறமுள்ள சாற்றுக்கும் இது உதவும்.

அடுத்தது டிஎம்எஸ்ஓ. இதில் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். டிஎம்எஸ்ஓவில் மில்லிக்கு 100 மில்லிகிராம் சாறு கரைத்த கரைசலிலிருந்து மில்லிக்கு 1000 மைக்ரோகிராம் செறிவு தயாரித்தால், அந்தக் குழியில் டிஎம்எஸ்ஓ 1 சதவீதம். 10 மைக்ரோகிராம் குழியிலோ வெறும் 0.01 சதவீதம். செறிவு கூடக்கூட செல் குறைகிறது என்று வரையும் வளைகோட்டில் ஒரு பங்கு கரைப்பானுடையதாக இருக்கலாம். சாறு சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழி உட்பட எல்லாவற்றிலும் ஒரே அளவு டிஎம்எஸ்ஓ இருக்கட்டும். அது 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 0.1-க்குள் இருந்தால் நிம்மதி.

96 குழித் தட்டின் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி அளவு மாறும். ஓரத்து 36 குழிகளில் பிபிஎஸ் ஊற்றிவிட்டு, உள்ளே உள்ள 60-ஐப் பயன்படுத்துங்கள். மில்லிக்கு 0.5 மில்லிகிராம் எம்டிடியில் 2 முதல் 4 மணி நேரம் 37 டிகிரியில் வைத்தபின் ஊடகத்தை உறிஞ்சும்போது, உறிஞ்சு குழாயின் முனை அடித்தளத்தைத் தொட்டால் படிகமும் கூடவே போய்விடும். தளர்வாக ஒட்டும் செல்லில் இது அடிக்கடி நடக்கும்.

ஒரே தட்டில் மூன்று குழி என்பது மூன்று சோதனை ஆகாது. வெவ்வேறு நாளில், புதிதாக வளர்த்த செல்லில் மூன்று முறை செய்ததைத்தான் அப்படி எழுதலாம்.

ஐசி50, அதாவது ஊதாவைப் பாதியாக்கும் செறிவு; இந்த மதிப்பைப் படிப்பதிலும் கவனம் தேவை. மில்லிக்கு 500 மைக்ரோகிராம் என்றால் லிட்டருக்கு அரை கிராம். மூன்று லிட்டர் பிளாஸ்மாவில் அந்தச் செறிவு வர 1.5 கிராம் சாறு முழுதாக இரத்தத்தில் நிற்க வேண்டும். வாய்வழி மருந்துக்கு அது பெரும்பாலும் நடக்கிற காரியமில்லை. அதே சாற்றை புற்றுநோய் இல்லாத இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்லிலும் சோதித்து, இறப்பை டிரைபான் நீலத்தாலோ அனெக்சின் வி சாயத்தாலோ உறுதி செய்யுங்கள். அதுவரை “இந்த செல் வகையில், 48 மணி நேரத்தில், இந்தச் செறிவில் எம்டிடி ஒடுக்கம் பாதியானது” என்று எழுதுங்கள். “புற்றுநோயைக் குணப்படுத்தும்” என்ற சொல்லுக்கு இந்தத் தட்டில் ஆதாரம் இல்லை.