பேண்டு செட்டை வைத்து ஆர்கெஸ்ட்ரா ராக்: வேலூரில் ஒரு ஆல்பம் செய்யும் முறை

கிட்டார் வாசிக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ஆர்கெஸ்ட்ரா வைத்து ராக் ஆல்பம் செய்ய ஆசை. மெட்ராஸ் போய் ஆள் பிடிக்கக் காசு இல்லை. என்னண்ணா செய்றது?"

மெட்ராஸ் போக வேண்டாம். கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கிற பேண்டு செட்டில் கிளாரினெட், டிரம்பெட், யூஃபோனியம், சைடு டிரம் எல்லாம் இருக்கின்றன. ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு பம்பையும் உடுக்கையும். கூத்துக்காரர்களிடம் முகவீணையும் (பெயர்தான் வீணை, நாதஸ்வரம் மாதிரி ஊதும் சின்னக் குழல்) ஆர்மோனியமும். சர்ச் பாடகர் குழுவில் நாலு குரலில் பாடிப் பழகியவர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் வயலினும் வைத்திருப்பார். வடாற்காட்டில் ஆர்கெஸ்ட்ரா இல்லை என்று யார் சொன்னது? ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. கிட்டாரில் பாட்டைக் கட்டி முடித்துவிட்டு, அப்புறம் இவர்களைக் கூப்பிட்டு மேலே ஒட்ட வைக்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு பேருடைய கூலியும் போயின.

படி 1: அளவைச் சுருக்குங்கள்

முதல் ஆல்பத்துக்கு 35 நிமிடம் போதும். ஐந்தாறு பாட்டு. சோதனை என்பதற்காக எல்லாப் பாட்டிலும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். பாட்டுக்கு ஒரு சோதனை. ஒன்றில் தாளம் விசித்திரமாக இருக்கட்டும், இன்னொன்றில் வாத்தியக் கலவை, இன்னொன்றில் பாட்டே இல்லாமல் வெறும் ஓசை. ஒரு நோட்டில் பாட்டின் பெயருக்கு எதிரே அந்தச் சோதனையை ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு வரியில் எழுத வராவிட்டால் அது இன்னும் பாட்டாகவில்லை என்று அர்த்தம்.

படி 2: மாறாதவரிடமிருந்து சுருதி எடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கிட்டார் வாசிப்பவருக்கு ஈ, ஏ ஸ்கேல் என்றால் கொண்டாட்டம். திறந்த தந்திகள் தானாக முழங்கும். என் முதல் பாட்டும் ஈ ஸ்கேலில்தான் இருந்தது, அதாவது 3 கட்டை. பேண்டு செட் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பெரும்பாலும் பி ஃப்ளாட் வாத்தியங்கள். அவர் "சி" என்று நினைத்து ஊதினால் ஆர்மோனியத்தில் அது 6½ கட்டையில் போய் நிற்கும். ஒரு முழுச் சுரம் கீழே. ஆகவே என் ஈ ஸ்கேலுக்கு அவர் எஃப் ஷார்ப்பில் ஊத வேண்டும். அதில் ஆறு ஷார்ப், அதாவது அரைச் சுரம் ஏற்றி ஊத வேண்டிய ஆறு சுரம். கிளாரினெட் அண்ணன் இரண்டு வரி வாசித்துவிட்டு வாத்தியத்தை மடியில் வைத்தார். "இன்னா தம்பி, வேணும்னே பண்றியா? விரல் பின்னிக்குது."

தீர்வு ஐந்து நிமிட வேலை. கிட்டாரின் ஆறு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கிவிடுங்கள். இப்போது நீங்கள் அதே ஈ வடிவத்தைப் பிடித்தால் ஒலிப்பது ஈ ஃப்ளாட், 2½ கட்டை. கிளாரினெட்டுக்கு அது எஃப் ஆகிவிடும்; ஒரே ஒரு ஃப்ளாட், அதாவது அரைச் சுரம் இறக்கி ஊதுவது ஒன்றே ஒன்று. ஏ வடிவம் பிடித்தால் அவருக்கு பி ஃப்ளாட், அதுவும் விரலுக்கு வாகான இடம். உங்களுக்குத் திறந்த தந்தி போகவில்லை, அவருக்கு விரல் பின்னவில்லை. தந்தி தளர்வதால் டிஸ்டார்ஷனில் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) கிட்டார் இன்னும் கனமாகக் கேட்கும், அது கொசுறு.

இதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். குழலின் நீளத்தையோ ஆர்மோனிய நாக்கையோ நீங்கள் அரைச் சுரம் அளவுக்கு மாற்ற முடியாது. கிட்டார் தந்தியை மாற்றலாம், பாடுபவரும் ஒத்துப்போவார். கூத்து ஆர்மோனியம் பாட்டில் வந்தால் இன்னும் கவனம்: பழைய பெட்டிகள் இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸ் கணக்கில் நிற்பதில்லை. போனில் ஒரு ட்யூனர் ஆப் போட்டு அந்தப் பெட்டி எத்தனை சென்ட் விலகியிருக்கிறது என்று பார்த்து, கிட்டார், பேஸ், கீபோர்டு எல்லாவற்றையும் அதற்கு நகர்த்துங்கள். ஒரு அரைச் சுரத்தில் நூறு சென்ட். 10 விலகினாலே சேர்ந்து ஒலிக்கும்போது காது கூசும்.

படி 3: ஆளும் மாதமும்

கல்யாண முகூர்த்த மாதங்களில் பேண்டுக்காரர்களைத் தேடாதீர்கள். ஆடியில் அவர்களுக்கு வேலை குறைவு. ஆனால் அதே ஆடியில் பம்பைக்காரர்கள் கூழ் வார்க்கும் திருவிழாக்களில் ஊர் ஊராகச் சுற்றுவார்கள். பம்பையை மார்கழியிலும் ஊதுகிறவர்களை அடுத்த ஆடியிலும் பதிவு செய்தேன். இரண்டுக்கும் நடுவே கிடைத்த மாதங்களில்தான் பாட்டே உருப்பட்டது.

பணம்: ஒரு நிகழ்ச்சிக்கு என்ன வாங்குவார்களோ அதைக் கேட்டுக் கொடுங்கள், பேரம் வேண்டாம். யார், எந்தப் பாட்டு, எவ்வளவு, ஆல்பத்தில் பெயர் எப்படி வர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் வாசிப்பவருக்கும் தனியாக உரிமை உண்டு, 50 ஆண்டுக்கு.

படி 4: மாதிரி வடிவம்

கணினியில் ரீப்பர் போன்ற பதிவு மென்பொருள் ஒன்று, நொட்டேஷனுக்கு இலவசமான மியூஸ்ஸ்கோர். இலவச ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்களும் (முன்பே பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகள்) கிடைக்கின்றன. மாதிரிக்கு அவை தாராளம். மியூஸ்ஸ்கோரில் வாத்தியத்தை "பி ஃப்ளாட் கிளாரினெட்" என்று தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன சுர மாற்றத்தை அதுவே செய்துவிடும்.

எல்லோரும் நொட்டேஷன் படிக்க மாட்டார்கள். பேண்டில் பாதிப்பேர் சினிமாப் பாட்டை இரண்டு தடவை கேட்டு மூன்றாவது தடவை ஊதுகிறவர்கள். அவர்களுக்கு ஒவ்வொருவர் பகுதியையும் தனித்தனியாகச் சத்தமாக வைத்து வாட்ஸாப்பில் ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். பம்பை மாமாவுக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. "எட்டு எட்டா ஏழு தடவை, அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன். அந்த "இஷ்டம்" தான் ஆல்பத்தின் நல்ல இடம்.

படி 5: தாளத்தை யார் பிடிப்பது

வேகத்தைக் காட்டும் க்ளிக் சத்தத்தை ஹெட்போனில் கேட்டு வாசிப்பது ஸ்டூடியோ பழக்கம். பம்பைக்காரருக்கு அதைக் கொடுத்தால் வேகம் சரியாக நிற்கும், உயிர் போய்விடும். சாமி வரவழைக்கும் அடி மெல்ல மெல்ல முறுக்கேறுவது. அதை ஒரே வேகத்தில் கட்டிப்போட்டால் அது பம்பையே இல்லை.

ஆகவே முதலில் பம்பையைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிறகு மென்பொருளில் ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முதல் அடியிலும் ஒரு டெம்போ மார்க்கர் (வேகக் குறி) வையுங்கள். நாலு நிமிடப் பாட்டுக்கு எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. அது முடிந்ததும் கணினியின் கட்டங்கள் பம்பையைப் பின்தொடரும். அதற்கு மேல் டிரம்ஸ், பேஸ் எதை வாசித்தாலும் பொருந்தும்.

இதே வித்தையைக் குடியாத்தத்தில் ஒரு கைத்தறி வீட்டில் செய்து பார்த்தேன். நாடா ஓடும் சத்தம், பலகை அடிக்கும் சத்தம், மிதி இறங்கும் சத்தம். மூன்றும் சேர்ந்து தானாகவே ஒரு சுழற்சி. நிமிடத்துக்கு எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. நூல் அறுந்ததும் தறி நின்றது, அவர் முடிச்சுப் போட்டார், மறுபடி ஓடியது. அந்தப் பதினோரு விநாடி மௌனத்தை வெட்டவில்லை. பாட்டில் அந்த இடத்தில் யூஃபோனியம் மட்டும் ஒற்றைச் சுரத்தில் நிற்கிறது.

படி 6: பதிவும் வெயிலும்

நம் ஊர் வெயில் சுருதியைக் கெடுக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், அதனால் ஊதும் வாத்தியம் ஏறும். ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சென்ட் வரை. காலை 26 டிகிரியில் எடுத்த டிரம்பெட்டோடு மதியம் 39 டிகிரியில் எடுத்ததைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 40 சென்ட் இடிக்கும். கிட்டார் தந்தியோ சூட்டில் தளர்ந்து இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசை. சித்திரை, வைகாசியில் பகலில் பதிவு வைக்காதீர்கள். காலை ஆறு முதல் எட்டரை, சன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி. கிளாரினெட் அப்போதும் ஏறினால், வாய்ப்பகுதிக்குக் கீழே இருக்கும் சின்னத் துண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் காட்பாடிப் பக்கம் என்றால் ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக் வைப்பதில் ஒரு தவறு எல்லோரும் செய்வது: கிளாரினெட்டின் கீழ்வாயில் மைக்கைச் சொருகுவது. பெரும்பாலான சுரங்கள் அங்கே வருவதில்லை, விரல் துளைகள் வழியாக வருகின்றன. ஒரு முழம் தள்ளி, குழலின் நடுவை நோக்கி வையுங்கள். டிரம்பெட்டுக்கு ஒரு மீட்டர் தூரம், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்து. முகவீணைக்கு அதைவிடத் தள்ளி. அதன் கூர்மை ஊருக்கே கேட்கச் செய்யப்பட்டது, அறைக்கு அல்ல.

பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்ச அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 24 பிட்டில் கொஞ்சம் மெதுவாகப் பதிவானால் ஒன்றும் கெடாது, சிவப்பு விளக்கு எரிந்தால் கெட்டது கெட்டதுதான். ஒரு டிராக் நிமிடத்துக்கு ஒன்பது எம்பி அளவு வரும். இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஒரு தடவை கரண்ட் போய் வந்ததில் ஒரு காலை முழுவதும் எடுத்தது காணாமல் போனது. அன்று ஒரு யுபிஎஸ் வாங்கினேன்.

படி 7: நாலு பேரை நாற்பது பேராக்குவது

ஒரே வயலினை எட்டுத் தடவை வாசிக்க வைத்து அடுக்கினால் எட்டு வயலின் ஆகிவிடாது, ஒரு வயலின் ஜலதோஷம் பிடித்ததுபோல் கேட்கும். ஒவ்வொரு தடவையும் நாற்காலியை நகர்த்துங்கள், மைக் தூரத்தை மாற்றுங்கள், முடிந்தால் வேறொருவரின் வயலினை இரவல் வாங்குங்கள். அடியில் சாம்பிள் வயலின்களை மெல்லிசாகப் பூசினால் போதும்.

பீட்டில்ஸ் 1967இல் வெளியிட்ட ஒரு பாட்டில் 40 பேர் கொண்ட குழுவுக்கு வித்தியாசமான கட்டளை கொடுத்தார்கள்: உன் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்தில் தொடங்கு, 24 ஆவர்த்தனத்துக்குள் உச்சத்துக்கு ஏறு, பக்கத்து ஆளைக் கேட்காதே. அதையும் நாலு தடவை எடுத்து அடுக்கினார்கள். நொட்டேஷன் தெரியாத குழுவுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நாங்கள் ஐந்து பேர், எட்டு தடவை. பேண்டுக்காரர்களுக்கு முதலில் சிரிப்பு அடங்கவில்லை. "பக்கத்து ஆளைக் கேக்காதன்னு சொல்ற மொத ஆளு நீதான்" என்றார் டிரம்பெட்காரர். மூன்றாவது தடவையில் பிடிபட்டது.

எதிரொலிக்கு மென்பொருளை நம்புவதற்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தை யோசியுங்கள். ஆடியில் காலியாகக் கிடக்கும், இரண்டு மணி நேரத்துக்குக் கேட்டால் தருவார்கள். பதிவு செய்ததை மேடையில் ஒரு ஸ்பீக்கரில் போட்டு, பந்தி நடக்கும் கோடியில் இரண்டு மைக் வைத்து அந்த ஒலியைத் திரும்பப் பதியுங்கள். கிளாரினெட்டுக்கு அது கொடுத்த ஆழம் எந்த எதிரொலி மென்பொருளிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

படி 8: இப்போது கிட்டார்

கடைசியாக வருவதால் அதற்கு இடம் எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். டிஸ்டார்ஷன் போட்டால் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடியுங்கள். காந்தாரத்தையும் சேர்த்துப் பிடித்தால் கலங்கிய குட்டை ஆகும். அந்தக் காந்தாரத்தை யூஃபோனியத்திடம் விடுங்கள். சுத்தமாக ஒலிக்கும், பாட்டு எந்த ராகச் சாயலில் போகிறது என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

படி 9: மிக்ஸிங்

ஏற்பாடு சரியாக இருந்தால் இங்கே வேலை குறைவு. ரிதம் கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அது பேஸுக்கும் பம்பைக்கும் உரியது. 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் யூஃபோனியமும் கிட்டாரும் இடித்தால் கிட்டாரைக் குறையுங்கள். முகவீணை வரும் இடத்தில் குரலை நிறுத்துங்கள், இரண்டையும் ஈக்யூவால் (ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) சமாதானம் செய்ய முடியாது. கடைசிச் சத்தத்தை மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்த அளவு) பக்கம் விட்டால் ஸ்பாட்டிஃபை அதிகம் கை வைக்காது. மெல்லிய இடம் மெல்லிசாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் நசுக்கி ஒரே உயரமாக்கினால் இத்தனை பேரை வரவழைத்ததில் பயனில்லை.

படி 10: போட்டுக் காட்டுங்கள்

ஹெட்போன், போன் ஸ்பீக்கர், ஷேர் ஆட்டோ, மூன்றிலும் கேளுங்கள். அப்புறம் வாசித்தவர்களிடம் கொண்டு போங்கள். நான் பேண்டு செட் வேனிலேயே, பள்ளிகொண்டாவுக்கு ஒரு முகூர்த்தத்துக்குப் போகும் வழியில், ஆல்பம் முழுவதையும் போட்டேன். யாரும் பேசவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் கிளாரினெட் அண்ணன் சன்னலைத் திறந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மூணாவது பாட்டுல டிரம்பெட்டு கேக்கவே இல்லியே தம்பி" என்றார். டிரம்பெட்காரர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒன்றரை டெசிபல் ஏற்றினேன்.