வெப்பக்காற்று பலூன் எழவில்லையா? தீயைக் கூட்டாதீர்கள்

அறிவியல் செயல்விளக்கத்துக்காகச் செய்த பலூன் தரையைவிட்டு எழாதபோது பலரும் முதலில் செய்வது சூட்டைக் கூட்டுவதுதான். ஹேர் டிரையர் போய் மெழுகுவர்த்தி வரும். அதுவும் போதாமல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு வரும். கோளாறு அநேகமாகச் சூட்டில் இல்லை, பலூனின் அளவில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.20 கிலோ, 60 டிகிரியில் 1.06 கிலோ. இந்த 140 கிராம் வித்தியாசம்தான் பலூனைத் தூக்குகிறது. சதுர மீட்டருக்கு 18 கிராம் எடையுள்ள டிஷ்யூ காகிதத்தில் அரை மீட்டர் விட்டத்துக்கு உருண்டை செய்தால், காகிதமே 14 கிராம். காற்று தூக்குவதோ 9 கிராம். எப்படி எழும்? விட்டத்தை ஒரு மீட்டராக்குங்கள். காகிதம் 57 கிராம், தூக்குதிறன் 73 கிராம். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கும் கொள்ளளவு எட்டு மடங்கும் ஆகிவிடுகின்றன. ஆகவே, ‘முதலில் சிறியதாகச் செய்து பழகுவோம்’ என்று தொடங்குவது வீண் உழைப்பு.

கையில் மிஞ்சுவது 16 கிராம். பசையை அள்ளிப் பூசினாலும், ஓரமெல்லாம் செலோடேப் ஒட்டினாலும் அது கரைந்துவிடும். காகித விளிம்பில் மெல்லிய கோடாகப் பசை தடவினால் போதும்.

நேரத்தையும் பலர் கவனிப்பதில்லை. வெளியே 35 டிகிரி வெயில் அடிக்கும்போது அதே பலூனின் தூக்குதிறன் 45 கிராமாகக் குறைகிறது. குளிர்ந்த காலையில் அழகாக எழுந்தது நண்பகலில் அசையாமல் கிடப்பது இதனால்தான். காலையிலேயே செய்து காட்டுங்கள். அறைக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

நிரம்பிய பலூனின் வாயைக் கட்டிவிட்டுச் சூடாக்குவது இன்னொரு தவறு. சூடேறிய காற்று விரிந்து, ஒரு பகுதி வாய் வழியாக வெளியேற வேண்டும். அப்படி வெளியேறுவதால்தான் உள்ளே எடை குறைகிறது. மாணவர்களுக்குக் காட்ட வேண்டிய முக்கியமான இடமும் இதுதான். ‘சூடான காற்று மேலே போகும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாடம் பாதியில் நின்றுவிடும்; சுற்றியுள்ள கனமான காற்று கீழிறங்கி அதை மேலே தள்ளுகிறது என்பதையும் சொல்லுங்கள். 1783இல் பலூனைப் பறக்கவிட்ட மோன்கோல்ஃபியே சகோதரர்களே அதைத் தூக்கியது புகைதான் என்று நம்பினார்கள். புகையே இல்லாத ஹேர் டிரையரில் பலூன் எழுவதைக் காட்டினால் அந்த ஐயம் தீரும்.

ஹேர் டிரையரின் பின்பக்கக் காற்றுத் துளைகளைக் கையால் மூடிவிடாதீர்கள். கருவி சூடேறிக் கெட்டுவிடும். காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் பை என்றால் டிரையரின் முனையைச் சற்றுத் தள்ளியே பிடியுங்கள், இல்லையேல் பை உருகும்.

எரியும் திரியோடு எதையும் வானில் விடவே கூடாது. 2020 புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் விலங்குக்காட்சிச் சாலையில், பறக்கவிட்ட விளக்குகளால் பற்றிய தீயில் 30க்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. அவற்றில் ஒராங்குட்டான்களும் உண்டு. விட்டவர்கள் யாரும் அதை நினைத்து விட்டிருக்க மாட்டார்கள்.

எழுந்த பலூன் சாய்ந்து வெப்பத்தைக் கொட்டிவிட்டால், வாயைச் சுற்றிச் சம இடைவெளியில் நான்கு காகிதக் கிளிப்புகளை மாட்டுங்கள். பிடித்திழுக்கத் தையல் நூல் போதும். சணல் கயிறு வேண்டாம், அதன் எடையும் அந்த 16 கிராமில்தான் சேரும்.