ஜெர்மனியில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் விசாவில் செய்யும் தவறுகள்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய் இருந்துவிட்டு வரும் பெற்றோருக்கு விசா தாள்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. மியூனிக்கோ ஸ்டுட்கார்ட்டோ, பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும் தவறுகள் ஒன்றுதான். நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் எவை பயணத்தைக் கெடுத்தனவோ, அவையேதான் இன்று முதல்முறை போகிறவர்களின் பயணத்தையும் கெடுக்கின்றன.

போட்டோ அளவு, கையெழுத்து விட்டுப்போன படிவம், நகல் எடுக்காத பாஸ்போர்ட் பக்கம் ஆகியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை விண்ணப்ப மையத்தின் கவுன்டரிலேயே சொல்லித் திருத்திவிடுவார்கள். அங்கே யாரும் சொல்லாத தவறுகள்தான் பின்னால் பெரிதாக அடிக்கின்றன.

வெறும் அழைப்புக் கடிதத்தை நம்புவது

"என் அப்பா அம்மா என்னுடன் தங்குவார்கள், எல்லாச் செலவும் என்னுடையது" என்று மகன் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது அழைப்பு மட்டும்தான். செலவுக்கு அது பொறுப்பாகாது. செலவைப் பிள்ளை ஏற்பதாக இருந்தால், அவர் தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பளச் சான்றைக் காட்டி, அரசாங்கத் தாளில் பொறுப்பேற்பு உறுதி வாங்க வேண்டும். ஜெர்மனியில் இதற்கு ஃபெர்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங் என்று பெயர். கட்டணம் 29 யூரோ. அந்தத் தாளின் அசல் சென்னைக்கு வந்து சேர வேண்டும், விண்ணப்பிக்கும்போது அது ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பெரிய நகரங்களில் அந்த அலுவலகத்தில் நாள் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதனால் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் தேடுவதற்கு முன்னால் பிள்ளையை அங்கே வரிசையில் நிற்கச் சொல்லுங்கள்.

மச்சான் பணத்தைக் கணக்கில் போடுவது

வேண்டாம். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் கடைசி வாரம் மட்டும் ஐந்து லட்சம் வந்து உட்கார்ந்தால் பார்க்கிறவருக்குச் சந்தேகம்தான் வரும். பென்ஷன் மாதாமாதம் ஏறும் சின்னக் கணக்கு அதைவிட நல்ல சாட்சி.

ஸ்டிக்கரில் உள்ள கடைசித் தேதியைத் திரும்பும் தேதி என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் மறுபடி நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சலாக வருகிறது. ஏனென்றால் இதில் மாட்டுகிறவர்கள் யாரையும் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. தாளில் இருந்த தேதியை நம்பினவர்கள்.

ஜெர்மனி உட்பட ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு ஷெங்கன் என்று பெயர். ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் பார்க்க வேண்டிய விஷயம் மூன்று. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விசா செல்லும் என்பது முதலாவது. எத்தனை நாள் தங்கலாம் என்பது இரண்டாவது. எத்தனை முறை உள்ளே நுழையலாம் என்பது மூன்றாவது. பெரும்பாலோர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு முறை நுழையும் விசாவில், கேட்ட நாட்களுக்கு மேல் பொதுவாகப் பதினைந்து நாள் கூட்டித்தான் கடைசித் தேதியைப் போடுவார்கள். விமானம் மாறினாலோ கிளம்பத் தாமதமானாலோ புது விசா கேட்டு அலைய வேண்டாம் என்பதற்காகக் கொடுக்கும் இடைவெளி அது. மே 1 முதல் 45 நாள் கேட்டவருக்கு ஸ்டிக்கரில் ஜூன் 29 வரை என்று இருக்கும், நாட்கள் என்ற இடத்தில் 45 என்று இருக்கும். மே 1 அன்றே அவர் இறங்கினால் ஜூன் 14 கடைசி நாள். 29 வரை இருந்தால் பதினைந்து நாள் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியதாகிவிடும்.

மகளின் பிரசவத்துக்குப் போன ஒரு தம்பதிக்கு இப்படித்தான் ஆனது. குழந்தை பிறக்கச் சில நாள் தாமதம். "விசாவில் இன்னும் தேதி இருக்கே, அப்புறம் என்ன அவசரம்?" என்று மாப்பிள்ளையே டிக்கெட்டை ஒன்பது நாள் தள்ளி மாற்றிக் கொடுத்திருக்கிறார். திரும்பும்போது விமான நிலைய பாஸ்போர்ட் சோதனையில் இருவரையும் தனியே அழைத்துப்போய் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். விமானம் போய்விட்டது. அடுத்த வருடம் விண்ணப்பித்தபோது மறுப்பு. அந்த அம்மா வாழ்நாளில் ஒரு போலீஸ் நிலைய வாசலைக்கூட மிதித்ததில்லை. அனுமதிக்கப்பட்ட நாளைத் தாண்டித் தங்குவது ஜெர்மன் சட்டத்தில் குற்றம், நுழைவுத் தடைகூட விழலாம். இதை அவர்களிடம் கிளம்பும் முன் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும்.

பல முறை நுழையும் விசா வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம் என்பது விதி. இதில் முதல் தவறு, 90 நாளை மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்வது. மார்ச் 1 இறங்கி ஜூன் 1 திரும்ப டிக்கெட் போட்டால் 93 நாள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். மார்ச் 1 வந்தவர் மே 29க்குள் வெளியேறியாக வேண்டும்.

இரண்டாவது தவறு, நாட்டைவிட்டு வெளியே வந்ததும் கணக்குப் புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பது. தொடங்காது. தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளிலும் நின்று, அந்த நாளையும் சேர்த்துப் பின்னால் 180 நாளைப் பார்க்க வேண்டும். மார்ச் 1 முதல் 30 வரை முப்பது நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பி, ஜூன் 1 மறுபடி போகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மீதி இருப்பது 60 நாள்தான், ஜூலை 30 கடைசி. அதுவே மார்ச் 1 முதல் மே 29 வரை 90 நாளையும் தீர்த்தவராக இருந்தால், ஆகஸ்ட் 28க்கு முன்னால் காலே வைக்க முடியாது. அன்றுதான் மார்ச் 1ஆம் தேதி அந்த 180 நாளுக்கு வெளியே நழுவும். அதன்பின் தினமும் பழைய நாள் ஒன்று நழுவிப் புது நாள் ஒன்று சேரும். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கான கணிப்பான் இலவசமாகவே இருக்கிறது. டிக்கெட் போடும் முன் தேதிகளை அதில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வார இறுதியில் பிள்ளைகள் ஸ்விட்சர்லாந்துக்குக் கூட்டிப் போனாலும் நாள் நிற்காது. ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்த பிறகு ஷெங்கன் நாடுகள் 29. லண்டன் போனால் நாள் நிற்கும், அதற்குத் தனி விசா வேண்டும். ஆனால் ஷெங்கன் ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை 01 என்று இருந்தால், லண்டனுக்குப் போனவர் ஜெர்மனிக்குத் திரும்ப முடியாது. பெட்டி மகன் வீட்டில் இருக்கும், அவர் லண்டனில் இருப்பார்.

முன்பு பாஸ்போர்ட் முத்திரையை அதிகாரி கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்டார். சில நேரம் விட்டும் போயிருக்கிறது. "என் நண்பரின் பெற்றோர் நூறு நாள் இருந்தார்கள், யாரும் கேட்கவில்லை" என்று வரும் கதையெல்லாம் அந்தக் காலத்தவை. 2025 அக்டோபர் 12 முதல் நுழைவதையும் வெளியேறுவதையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்துவிட்டது. ஒரு நாள் கூடினாலும் அது காட்டிவிடும்.

நாளைத் தாண்டாமல் திரும்ப இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று வந்த விதிப்படி, மூன்று வருடத்துக்குள் இரண்டு விசாவை வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால், இரண்டு வருடப் பலமுறை விசா பொதுவாகக் கிடைக்கும். அடுத்து ஐந்து வருடம். பேரக்குழந்தையைப் பார்க்க வருடாவருடம் தாள் சுமந்து அலைவது அதோடு முடியும். ஒன்பது நாள் கூடுதலாக இருந்த அந்தத் தம்பதி இழந்தது இதைத்தான்.

உண்மையிலேயே கிளம்ப முடியாத நிலை வந்தால், உதாரணமாக அப்பா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், வழி இருக்கிறது. அனுமதித்த நாள் முடிவதற்குள் பிள்ளை வெளிநாட்டவர் அலுவலகத்தில் மருத்துவச் சான்றுடன் நீட்டிப்புக் கேட்க வேண்டும். நாள் முடிந்தபின் கேட்டால் அது வேறு வழக்கு.

விசா வருமுன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது

பணம் கட்டாமல் செய்யும் முன்பதிவு போதும்.

விலை குறைந்த காப்பீடு

30,000 யூரோ காப்பீட்டுத் தொகை என்பது விசாவுக்கான குறைந்தபட்சம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் அவசரத்துக்கு அந்த பாலிசி பணம் தருமா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

மறுப்பு வந்ததும் அதே தாள்களை மறுபடி கொடுப்பது

முன்பு ஜெர்மன் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்டு இலவசமாக எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இனி பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம், இல்லையென்றால் மறுபடி 90 யூரோ கட்டிப் புதிதாக விண்ணப்பிக்கலாம். பெரும்பாலோருக்கு இரண்டாவதுதான் நடைமுறை. ஆனால் மறுப்புத் தாளில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். திரும்பி வருவார்களா என்ற சந்தேகம் என்றால் பென்ஷன் ஆணை, வீட்டுப் பத்திரம், ஊரில் இருக்கும் மற்ற பிள்ளைகளின் விவரம் சேர வேண்டும். பயணக் காரணம் தெளிவில்லை என்றால் பிள்ளையின் குடியிருப்பு அனுமதி நகல், உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழ் சேர வேண்டும். புதிதாக ஒரு தாளும் கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை பணத்தைக் கட்டாதீர்கள்.