கம்ப்யூட்டருக்கு எழுதிய ஹெல்ப் பக்கங்களைப் போனுக்குக் கொண்டுவருவது எப்படி?

பெங்களூரு அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. ஆணி, பெயின்ட், பிவிசி பைப் எல்லாம் கிடைக்கும். கடைக்கார அண்ணனுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பில்லிங் சாஃப்ட்வேரைத்தான் அவர் கடையில் வைத்திருக்கிறார் என்பது ஒரு சனிக்கிழமை தற்செயலாகத் தெரிந்தது. அன்று பிரிண்டரிலிருந்து பில் வெள்ளைப் பேப்பராகவே வந்துகொண்டிருந்தது. "நீதானே தம்பி இதுக்கெல்லாம் எழுதுறே, இந்தா பாரு" என்று போனை நீட்டினார்.

நான் எழுதிய பக்கமேதான். எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினார், வரியின் முன்பாதி தெரிந்தது. பின்பாதிக்குத் தள்ளினால் முன்பாதி போய்விட்டது. நாலு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைக் கல்லாவில் வைத்தார். பேப்பர் ரோலைக் கழற்றித் திருப்பி மாட்டினார். பில் வந்துவிட்டது. அந்த விடை என் பக்கத்திலும் இருந்தது, ஏழாவது பத்தியில்.

அதன் பிறகு நான் செய்த வேலையைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். டெக்னிக்கல் ரைட்டிங்குக்குப் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது டிடா (DITA) என்ற எக்ஸ்எம்எல் எழுத்து முறை. நீங்கள் மேட்கேப் ஃப்ளேர், மார்க்டவுன் மாதிரி வேறு எதையாவது வைத்திருந்தால் பட்டனும் டேக்கும் மாறும், வேலை வரிசை இதேதான்.

முதலில்: போனுக்கென்று தனிக் காப்பி எடுக்காதீர்கள்

ஒரே இடத்தில் எழுதி, அங்கிருந்தே பிடிஎஃப், வெப் பக்கம், ஆப்புக்குள் வரும் ஹெல்ப் என்று எல்லாவற்றையும் எடுப்பதைத்தான் சிங்கிள் சோர்ஸ் என்கிறோம். ஐபிஎம்மில் உருவாகி, 2005-ல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமாக வெளிவந்த டிடாவின் அடிப்படையும் இதுதான். விஷயத்தைச் சின்னச் சின்ன டாபிக்குகளாக எழுதி, ஒரு மேப் ஃபைலில் கோத்துவிடுவோம்.

போனில் சரியாகத் தெரியவில்லை என்று வந்தவுடன் எல்லோருக்கும் வரும் ஆசை, "ஒரு காப்பி எடுத்துப் போனுக்கு ஏற்ற மாதிரி சுருக்கிவிடலாம்" என்பது. பெங்களூருவில் எங்கள் ஹெல்ப் இங்கிலீஷ், கன்னடம், தமிழ் என மூன்று மொழியில் போகிறது. காப்பி எடுத்தால் மூன்று ஆறாகும். ஜிஎஸ்டி ஸ்கிரீனில் ஒரு பட்டன் பெயர் மாறினால் ஆறு இடத்தில் திருத்த வேண்டும். ஐந்தில் திருத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டு வரி வேலை: வியூபோர்ட்

எறும்பு எழுத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பக்கத்தை எவ்வளவு அகலத்தில் வரைய வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரிதான் வியூபோர்ட் (viewport) மெட்டா டேக். பக்கத்தின் தலைப்பகுதியில் அது இல்லாவிட்டால், பழைய கம்ப்யூட்டர் பக்கம் என்று போன் பிரவுசர் முடிவு கட்டிவிடும். ஐபோனின் சஃபாரி அப்படிப்பட்ட பக்கத்தை 980 பிக்சல் அகலமாக வரைந்து, அதைத் திரைக்குள் சுருக்கிக் காட்டும். ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான். நீங்கள் எடுத்த எச்டிஎம்எல் ஃபைலைத் திறந்து ‘வியூபோர்ட்’ என்று தேடுங்கள். இல்லையென்றால் அகலம் ‘டிவைஸ்-விட்த்’, தொடக்க அளவு 1 என்று கொடுத்துச் சேருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையால் சேர்க்க வேண்டாம். டிடாவிலிருந்து எச்டிஎம்எல் எடுத்துத் தரும் டிடா ஓப்பன் டூல்கிட்டில் தலைப்பகுதிக்கென்று ஒரு ஃபைல் கொடுக்கும் வசதி உண்டு, அதில் ஒரு தடவை போட்டால் போதும்.

கூடவே ஒரு சின்ன ஸ்டைல்ஷீட். எழுத்து 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. தமிழுக்கு வரி இடைவெளி 1.6 மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் ‘கி’யின் மேல் வளைவும் மேல் வரி ‘கு’வின் வாலும் முட்டிக்கொள்ளும். இடப்பக்க மெனு சின்னத் திரையில் ஒரு பட்டனுக்குள் ஒடுங்கட்டும். விரலால் தொடும் எதுவும் ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) அளவுக்காவது இருக்கட்டும். கடைக்காரர் விரலில் பெயின்ட் ஒட்டியிருக்கும்.

பல பேர் இதோடு "மொபைல் ஃப்ரெண்ட்லி ஆகிவிட்டது" என்று டிக் போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டேன். எழுத்து பெரிதாகியிருந்தது. ஆனால் விடை இன்னும் ஏழாவது பத்தியில்தான் இருந்தது. முன்பு ஒரு திரையில் முடிந்த பக்கத்துக்கு இப்போது ஒன்பது தடவை விரலால் தள்ள வேண்டியிருந்தது.

சோர்ஸைக் கழுவுங்கள்

பாதிக்கு மேல் நேரம் இங்கேதான் போகும். என் பழைய பக்கத்தில் இருந்த வாக்கியத்தை வெட்கப்படாமல் அப்படியே தருகிறேன்:

"தெர்மல் அச்சுப்பொறியில் அச்சிடப்படும் பில்கள் வெறுமையாக வெளிவரும் பட்சத்தில், மேற்கண்ட அட்டவணையில் குறிப்பிடப்பட்டுள்ள அமைப்புகளைச் சரிபார்த்த பின்னர், காகிதச்சுருள் சரியான திசையில் பொருத்தப்பட்டுள்ளதா என்பதை இடப்பக்க மெனுவிலுள்ள அச்சுப்பொறியமைப்புகள் பகுதியின் உதவியுடன் உறுதிசெய்துகொள்ளவும்."

இதில் போனுக்கு ஆகாதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ‘மேற்கண்ட அட்டவணை’ போனில் மேலே இருக்காது, ஒருவேளை வேறு பக்கத்திலேயே இருக்கும். ‘இடப்பக்க மெனு’வை இப்போதுதான் பட்டனுக்குள் ஒளித்து வைத்தோம். ‘அச்சுப்பொறியமைப்புகள்’ தலைப்பில் வந்தால் 360 பிக்சல் திரையில் வரிக்குள் அடங்காமல் வெளியே நீட்டும். ஸ்டைல்ஷீட்டில் சொல்லை உடைக்கச் சொன்னால் ‘அச்சுப்பொறியமை’ ஒரு வரியிலும் ‘ப்புகள்’ அடுத்த வரியிலும் வரும். அதை விடப் பிரிண்டர் என்று எழுதிவிட்டுப் போகலாம், கடையில் யாரும் அச்சுப்பொறி என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

மாற்றி எழுதியது:

தலைப்பு: பில் வெள்ளையாக வருகிறதா?
சுருக்கம்: முதலில் பேப்பர் ரோலைப் பாருங்கள். தெர்மல் பேப்பரில் ஒரு பக்கம்தான் எழுத்து விழும்.
1. பிரிண்டர் மூடியைத் திறக்கவும்.
2. ரோலை எடுத்துத் திருப்பி மாட்டவும்.
3. மூடியை மூடி, ஒரு பில் அடித்துப் பார்க்கவும்.

எந்தப் பக்கம் சரி என்று தெரியாதவருக்கு இன்னும் ஒரு வரி: பேப்பரை நகத்தால் அழுத்திக் கீறினால் கறுப்புக் கோடு விழும் பக்கமே எழுத்து விழும் பக்கம்.

டிடாவில் இதை எழுதும்போது டேக் சரியாகப் போடுவதுதான் முக்கியம். சுருக்கம் ‘ஷார்ட்டெஸ்க்’கில், செய்ய வேண்டிய செயல் ‘சிஎம்டி’யில், நகக்கீறல் விளக்கம் ‘இன்ஃபோ’வில். இந்தப் பெயர்கள் எச்டிஎம்எல்லிலும் கிளாஸ் பெயராக வந்து சேரும். அதனால் போன் அகலத்தில் ‘இன்ஃபோ’வை மட்டும் மடித்து வைத்து, தொட்டால் விரியும்படி செய்ய முடியும். அதற்குக் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். பக்கத்து சீட் டெவலப்பருக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுத்தால் வேலை முடியும். எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்டியிருந்தால் எதை மடிப்பது என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. எச்சரிக்கைக் குறிப்பை மட்டும் மடிக்கவே கூடாது.

டேபிளும் படமும்

‘அறிகுறி, காரணம், தீர்வு’ என்ற மூன்று கட்ட டேபிள் எல்லா ஹெல்ப்பிலும் இருக்கும். போனில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு சொல்தான் இடம் கிடைக்கும், தமிழில் சில சமயம் ஒன்றரை. நான் அந்த டேபிளையே கலைத்தேன். ஒவ்வொரு வரியும் மேலே காட்டியது போல ஒரு தனி டாபிக் ஆனது, அறிகுறியே தலைப்பானது. தேடலிலும் அதுதான் மாட்டும். யாரும் ‘பிழைதீர்த்தல்’ என்று தேடுவதில்லை, ‘பில் வெள்ளை’ என்றுதான் தேடுகிறார்கள்.

வரி விகிதம் மாதிரி எண்கள் நிறைந்த டேபிளைக் கலைக்க முடியாது. அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, பெட்டிக்குள் மட்டும் பக்கவாட்டில் நகரும்படி விடுங்கள். முழுப் பக்கமும் ஆடக் கூடாது.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு கணக்கு. 1920 பிக்சல் அகலத் திரையை முழுதாகப் படம் பிடித்து 360-ல் காட்டினால், அதிலுள்ள 14 பிக்சல் எழுத்து 3 பிக்சலுக்கும் கீழே போகும். அந்தப் படத்தால் டேட்டா செலவாவதுதான் மிச்சம். பட்டன் இருக்கும் மூலையை மட்டும் வெட்டிப் போடுங்கள். பட்டன் பெயரை எழுத்திலேயே சொல்லிவிட்டால் பாதிப் படங்கள் தேவையே இல்லை என்பதும் தெரியவரும்.

எங்கே கண்டிஷன் போடுவது?

ஒரு பகுதி போனில் மட்டும், அல்லது கம்ப்யூட்டரில் மட்டும் வரட்டும் என்று குறித்து வைப்பதுதான் கண்டிஷன். ஆப்பும் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரும் நிஜமாகவே வேறுபடும் இடங்களில் மட்டும் போடுங்கள். அந்த ஸ்டெப்புக்கு ‘பிளாட்ஃபார்ம்’ என்ற குறியில் டெஸ்க்டாப் அல்லது மொபைல் என்று கொடுத்து, போனுக்கு எடுக்கும்போது டெஸ்க்டாப்பை விலக்கச் சொல்லி ‘டிடாவால்’ (ditaval) என்ற வடிகட்டி ஃபைல் ஒன்று எழுத வேண்டும். கம்ப்யூட்டருக்கும் பிடிஎஃப்புக்கும் எடுக்கும்போது மொபைலை விலக்க இன்னொன்று. குறி இல்லாதது இரண்டிலும் வரும். இரண்டு பெயரும் சேர்த்துக் கொடுத்த ஸ்டெப்பும் வரும், ஏனென்றால் கொடுத்த பெயர் எல்லாமே விலக்கப்பட்டிருந்தால்தான் அது மறையும்.

இங்கிலீஷில் எழுதும் நண்பர்கள் ‘க்ளிக்’கா ‘டேப்’பா என்று ஒவ்வொரு வரியிலும் கண்டிஷன் போட்டு அவதிப்படுகிறார்கள். நமக்கு ‘அழுத்தவும்’ இருக்கிறது, மவுசுக்கும் ஆகும், விரலுக்கும் ஆகும். ரைட் க்ளிக் வரும் இடத்தில் மட்டும் ‘அழுத்திப் பிடிக்கவும்’ என்று தனி ஸ்டெப்.

தமிழுக்கென்றே ஒரு வம்பும் உண்டு. வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல்லுக்கு மட்டும் கண்டிஷனோ வேரியபிளோ போட்டால் வேற்றுமை உருபு காலை வாரிவிடும். பெயரை வேரியபிளாக வைத்துப் பின்னால் ‘ஐ’ ஒட்டினால் ‘பிரிண்டர்ஐ’ என்று வந்து நிற்கும். அதனால் முழு ஸ்டெப்புக்குக் கண்டிஷன், பெயருக்குப் பின் ‘என்பதை’: "‘சேமி’ என்பதை அழுத்தவும்." கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், ஆனால் தப்பு வராது.

சோதனை

குரோமில் எஃப்12 அழுத்தி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போன் அளவுத் திரை கிடைக்கும். அங்கே அகலத்தை 320 வரை இறக்கிப் பாருங்கள். அடுத்தது நிஜப் போன். லேப்டாப்பில் பைத்தானோடு வரும் சின்ன சர்வரை 8000 போர்ட்டில் ஓடவிட்டு, அதே வைஃபையில் உள்ள போனில் லேப்டாப்பின் ஐபி முகவரிக்குப் பின்னால் :8000 சேர்த்துத் திறந்தால் போதும். சர்வரில் ஏற்றிய பிறகு, மெட்ரோ பர்ப்பிள் லைனில் எம்.ஜி. ரோடு தாண்டிச் சுரங்கத்துக்குள் போகும்போது ஒரு தடவை திறந்து பார்ப்பேன். மெஜஸ்டிக் வருவதற்குள் பக்கம் முழுதாக வராவிட்டால் படங்களை இன்னும் வெட்ட வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு.

போனில் எல்லாம் சரியாக வந்த சந்தோஷத்தில் பழைய பிடிஎஃப்பை மறந்துவிடாதீர்கள். அதே சோர்ஸிலிருந்து அதையும் எடுத்து, ஸ்டெப் எண்களை விரல் வைத்து எண்ணுங்கள். பொதுவான ஒரு ஸ்டெப்புக்கு நான் தவறுதலாக மொபைல் குறி போட்டிருந்தேன். பிடிஎஃப்பில் "மூடியைத் திறக்கவும்" காணாமல் போய், "ரோலை எடுத்துத் திருப்பி மாட்டவும்" என்பது முதல் ஸ்டெப்பாக நின்றது.