யாருடைய வோல்ட், யாருடைய ஓம்? மின்தடை, திறன் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 5 (இடைநிலைப்பள்ளி ஐந்தாம் ஆண்டு) மாணவர்களுக்கு நான் நடத்தும் மாலை வகுப்பில், ஓம் விதியைச் சொல்லத் தெரியாத பிள்ளை ஒருவரும் இல்லை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் திறன். கியோர்க் ஓம் 1827இல் வெளியிட்ட உறவும் அதையொட்டிய திறன் சூத்திரமும் இவ்வளவு எளியவையாக இருந்தும், விடைகள் தவறிக்கொண்டேதான் இருக்கின்றன. பெருக்கலிலும் வகுத்தலிலும் பெரும்பாலும் பிழையில்லை. ஒரு பொருளின் வோல்ட்டை எடுத்து இன்னொரு பொருளின் ஓமோடு சேர்த்துவிடுவதுதான் பிழை.

இதை எனக்கு அழுத்தமாக உணர்த்தியது தோட்டத்துக் கோயில் திருவிழா ஒன்று. அன்னதானப் பந்தலுக்கு மின்சாரம் கொண்டுபோக 50 மீட்டர் ஒயர் உருளை ஒன்றை வைத்திருந்தார்கள். பந்தலுக்கு 20 மீட்டரே போதும் என்பதால் மீதி 30 மீட்டர் உருளையிலேயே சுற்றிக் கிடந்தது. சுடுநீர்க் கலனும் விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தன. சில மணி நேரம் கழித்து உருளையின் மேல் கை வைத்தவன், வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டேன். பிரித்துப் பார்த்தபோது உள்ளடுக்கில் பிளாஸ்டிக் உறை இளகி, ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டத் தொடங்கியிருந்தது.

அந்த ஒயரில் எத்தனை வாட் வெப்பமாயிற்று என்று மறுவாரம் வகுப்பில் கேட்டேன். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை, போகவரக் கணக்கிட்டால், 50 மீட்டர் ஒயருக்கு ஏறத்தாழ 1.2 ஓம். பாதிப் பேர் மின்வழங்கலின் 230 வோல்ட்டை வர்க்கப்படுத்தி 1.2ஆல் வகுத்து, ஏறக்குறைய 44,000 வாட் என்று எழுதினார்கள். சூத்திரம் சரியானதே, ஆனால் 230 வோல்ட் ஒயரின் இரு முனைகளுக்கிடையில் இல்லை. ஒயரில் விழுவது 10 ஆம்பியரை 1.2 ஓமால் பெருக்கக் கிடைக்கும் 12 வோல்ட் மட்டுமே. மீதி 218 வோல்ட் பந்தலில் உள்ள சாதனங்களுக்குப் போய்ச் சேருகிறது. எனவே ஒயரின் வெப்பம் 12 பெருக்கல் 10, அதாவது 120 வாட். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினாலும் அதே 120 வருகிறது. இவ்விரு வழிகளும் ஒரே விடையைத் தராவிட்டால், எங்கோ வேறொரு பொருளின் வோல்ட் நுழைந்துவிட்டது என்று பொருள்.

வேறு சிலர் ஒயரின் நீளத்தை ஒரு வழிக்கு மட்டும் எடுத்து 0.6 ஓம் என்று போட்டு 60 வாட்டில் நின்றார்கள். மின்னோட்டம் போன வழியே திரும்பி வராவிட்டாலும் அதே ஒயருக்குள் இருக்கும் இன்னொரு கம்பி வழியாகத் திரும்பத்தான் வேண்டும்; ஆகவே 50 மீட்டர் ஒயர் என்பது 100 மீட்டர் செப்பு. 120 வாட் என்பது பெரிய அளவன்று. நீட்டிப் போட்டால் மீட்டருக்கு 2.4 வாட்தான், காற்றே அதை ஆற்றிவிடும். அதில் 72 வாட் ஓர் உருளைக்குள் வெளியேற வழியின்றி அடைபட்டதால்தான் உறை இளகியது. திருவிழாவுக்கு ஒயர் இழுப்பவர்கள் உருளையை முழுவதும் பிரித்துப் போட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தவறு, சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வாட்டை மாறாத எண்ணாகக் கருதுவது. மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தம் 2008இல் 240இலிருந்து 230 வோல்ட்டானது. 240 வோல்ட்டுக்கு 2000 வாட் என்று குறிக்கப்பட்ட பழைய கேத்தலை 230 வோல்ட்டில் வைத்தால், 2000ஐ 230ஆல் வகுத்து 8.7 ஆம்பியர் என்று பலர் எழுதுகிறார்கள். அதாவது அழுத்தம் குறைய ஓட்டம் கூடியதாகக் காட்டுகிறார்கள். கேத்தலில் ஏறத்தாழ மாறாமலிருப்பது அதன் சூடேற்றும் கம்பியின் மின்தடை: 240இன் வர்க்கத்தை 2000ஆல் வகுக்க 28.8 ஓம். அதைக்கொண்டு பார்த்தால் 230 வோல்ட்டில் ஓடுவது ஏறத்தாழ 8 ஆம்பியர், திறன் 1837 வாட். நீர் கொதிக்கச் சற்றுக் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான்.

ஆனால் மின்தடை மாறாது என்பதைக் கேத்தலிலிருந்து பழைய குண்டு மின்குமிழுக்குக் கொண்டுபோகக் கூடாது. 60 வாட் குமிழ் எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 880 ஓம். அதையே கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால், அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீட்டர் கெட்டுவிட்டதாக மாணவர்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். மீட்டர் சரிதான், குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை அவ்வளவுதான். சுவிட்சைப் போட்ட கணத்தில் பன்மடங்கு ஓட்டம் பாய்வதும், நைந்த இழை அந்தக் கணத்திலேயே பெரும்பாலும் அறுவதும் இதனால்தான். குளிர்ந்த குமிழின் ஓமையும் எரியும் குமிழின் வோல்ட்டையும் ஒரே கணக்கில் வைத்தால், பொருள் ஒன்றேயாயினும் நேரம் வேறு.

மில்லி ஆம்பியரை மாற்ற மறப்பது சிறு தவறு என்றாலும் மதிப்பெண்ணை முழுதாகப் பறித்துவிடும்: 6 வோல்ட்டும் 250 மில்லி ஆம்பியரும் தந்தால் விடை 24 ஓம், 0.024 அன்று.

காற்றாடி, நீரிறைக்கும் மோட்டார் போன்றவற்றில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துவிட்டு, அதைச் சுருளின் மின்தடை என்று எழுதவும் கூடாது. மாறுதிசை மின்சாரத்தில் சுருளின் காந்தப்புலமும் சுழற்சியும் ஓட்டத்தைத் தடுப்பதால், கிடைக்கும் எண் கம்பியின் உண்மையான ஓமைவிட மிகப் பெரிதாக இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் வாட்டும் மோட்டார் உண்மையில் உண்ணும் வாட்டைவிடக் கூடுதலாகவே நிற்கும். அங்கே திறனை அறிய வாட்மானியால்தான் அளக்க வேண்டும்.